மீசை வைத்த கிளாரா

இனாமாக எதையாவது ஒருவர் நீட்டினால், அவருடைய இன்னொரு கையில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் பார்க்கத் தோன்றும். ரேஷன் கடையில் கொஞ்சம் அரிசி கூடப் போட்டால்கூட, "எலெக்ஷன் வருதா?" என்று கேட்கிறவள் நான். என்னிடம் வந்து, "உங்களுக்கு வீடு கட்டித் தர்றோம்க்கா, நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்று அருணா சொன்னபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற வேனைப் பார்த்தேன். கண்ணாடியில் சிலுவை ஒட்டியிருந்தது.

எங்கள் ஊர் ஜவளகிரிக்குப் போகிற வழியில், காட்டை ஒட்டி இருக்கிறது. போன வருஷ மழையில் எங்கள் மண் வீடு உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து நானும் என் வீட்டுக்காரர் மாதப்பனும் மகள் ரேவதியும் அதே மனையில் நீலத் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தோம். வெயில் மழை எல்லாம் எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ராகி அறுவடை சமயத்தில் யானை வரும். போன அறுவடைக்கு ஒரு யானை தார்ப்பாய்க்குள் தும்பிக்கையை விட்டு ராகி மூட்டையைத் தேடியது. மூட்டைக்கு இந்தப் பக்கம் ரேவதி படுத்திருந்தாள். அது மூட்டையை மட்டும் இழுத்துக்கொண்டு போனது. அந்த யானைக்கு அவ்வளவு விவரம் இருந்தது, அடுத்து வருகிற யானைக்கும் இருக்குமா? இந்த அறுவடைக்குள் எனக்கு நாலு சுவரும் கெட்டியான கூரையும் வேண்டும். பிசாசே வந்து கட்டித் தருகிறேன் என்றாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

"மதம் மாறச் சொல்லுவீங்களா?"

"இல்லக்கா."

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லுவீங்களா?"

"இஷ்டம் இருந்தா வாங்க. இல்லேன்னா வேணாம்."

"மனைப் பத்திரத்த யாரு கையில வெச்சிக்குவீங்க?"

"உங்க பத்திரம் எங்களுக்கு எதுக்குக்கா?"

அருணா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஓசூரில் இருக்கிற ஒரு திருச்சபைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் எங்களை மாதிரி ஆட்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வது அவள் வேலை. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சரி என்றேன்.

வேன் நிறைய வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன், ஒரே மாதிரி தொப்பி. அவர்களுக்குத் தலைவராக ஒரு தாடிக்காரர். தளியிலிருந்து இரண்டு கொத்தனார்களைக் கூலிக்கு வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல இவர்கள் செங்கல் சுமப்பார்கள், கலவை மெஷினில் சிமெண்ட் கொட்டுவார்கள். விமானம் ஏறி வந்து என் மனையில் மண் சுமக்கிறார்கள் என்றால், இதில் என்னவோ இருக்கிறது என்று நினைப்பேனா மாட்டேனா?

தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்பு ஒன்று செய்வார்கள். சுவரைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார்கள். பக்கத்து வீட்டு பூவம்மாள் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு என் காதைக் கடித்தாள்.

"ஏ மேகலா, செவுத்துக்குள்ள என்னமோ ஏத்தறாங்கடி. நாளைக்கு நீ உள்ள குடிபோனா நீயே தானா அவங்க கூட்டத்துக்குப் போயிருவ, பாரு."

அன்றையிலிருந்து அவர்கள் வேன் ஏறிப் போனதும், ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதே சுவரில் சுற்றித் தெளிக்க ஆரம்பித்தேன். அவர்கள் ஏற்றுவதை நான் இறக்கிவிடுவேன். கொத்தனார், "சுவருக்குத் தண்ணி ஊத்தறது நல்லதுதான்மா, நல்லா ஊத்து" என்றார்.

சந்தேகம் அதோடு நிற்கவில்லை. எங்கள் மனைக்குப் பின்னால் இருக்கிற நிலம் முழுவதும் சென்னகிருஷ்ணனுடையது. அதை வீட்டு மனையாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறார். ரோட்டிலிருந்து அங்கே அகலமாக வழி விட வேண்டுமென்றால் எங்கள் மனை அவருக்கு வேண்டும். வீடு இடிந்த நாளிலிருந்து, "குடுத்துரும்மா, இங்க என்ன இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு குடம் தண்ணீர் கேட்டால் மோட்டார் ரிப்பேர் என்கிற அந்த மனுஷர், இவர்கள் வீடு கட்டத் தன் போர்வெல்லிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். தாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நான் ரேவதிக்குத் தலை வாரிக்கொண்டே அதைப் பார்த்தேன். கட்டுவது இவர்கள், கடைசியில் எடுத்துக்கொள்ளப் போவது அவர் என்று எனக்குத் தோன்றியது. மாதப்பனிடம் சொன்னேன்.

"உனக்கு வேற வேலையே இல்லடி" என்றார் அவர். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வருகிற மனுஷரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

அந்தக் கூட்டத்தில் கிளாரா என்று ஒரு பெண். ஆள் நெட்டை, மக்காச்சோளக் கதிரின் மயிர் மாதிரி மஞ்சள் தலைமுடி. வெயில் பட்டு மூக்கு தக்காளி நிறத்தில் தோல் உரிந்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவள் மட்டும் செங்கல் தூக்கிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ரேவதி சாப்பிடுகிற களியைக் கேட்டு வாங்கி வாயில் போட்டு, மென்றாள். களியை யாராவது மெல்லுவார்களா? பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் விழித்தாள். ரேவதி சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, பிறகு உருட்டி விழுங்கக் கற்றுக்கொடுத்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். பிள்ளையைப் பிடிக்கத்தான் இவள் வந்திருக்கிறாள் என்று அவள்மேலும் ஒரு கண் வைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். பல்லைக் கடித்து அடக்கிக்கொள்வேன்.

ஊரே வேடிக்கை பார்த்தது. ஆடு மேய்க்கிறவர்கள், பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் என் மனை முன்னால்தான் நிற்பார்கள். "ஏனு கலரு, ஏனு கூதலு!" என்று கன்னடத்தில் ஒருத்தி அவள் நிறத்தையும் முடியையும் வியப்பாள். அந்தக் கண்ணெல்லாம் கிளாராமேல்தான்.

சுவர் கூரை உயரத்துக்கு எழும்பிய அன்று அவள் சாரத்திலிருந்து விழுந்தாள். என் கண் முன்னாலேயே விழுந்தாள். கால் மடங்கிக் கிடந்தது. அவள் கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் நினைவிருக்கிறது. வேனில் தூக்கிப்போட்டு ஓசூருக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறிந்துவிட்டது என்று கொத்தனாருக்கு போன் வந்தது.

அவளுடைய அம்மா எந்த ஊரில் இருக்கிறாளோ, என் வீட்டுச் சுவரிலிருந்து அவள் பெண் விழுந்திருக்கிறாள். அவ்வளவு நாளும் அவர்கள் எனக்கு என்ன செய்வார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தவள், என் ஊர் அவர்களுக்கு என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லையே என்று ஆகிவிட்டது. இது கண்தான். சந்தேகமே இல்லை. கட்டுகிற வீட்டுக்கு ஒரு திருஷ்டி பொம்மை கட்டாமல் விட்டது என் தப்பு.

மறுநாள் அவர்கள் வரவில்லை. நான் ரோஜாத் தோட்டத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு பொம்மை கட்ட உட்கார்ந்தேன். கிளாரா சிமெண்ட் கறைக்கு அலசிப் போட்டிருந்த மஞ்சள் பனியன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சாரத்துக்குக் கீழே அவள் தொப்பி கிடந்தது. மாதப்பனின் கிழிந்த பேண்ட் ஒன்று. மூன்றையும் எடுத்து, போன வருஷத்துக் காய்ந்த ராகித் தாளை உள்ளே அடைத்தேன். ரோஜாக் கட்டு கட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் நாரைக் கிழித்துத் தலைமுடி வைத்தேன். வெள்ளைத் துணியில் முகம், கரியில் முட்டைக் கண், சிவப்புத் துணியில் தொங்குகிற நாக்கு. திருஷ்டி பொம்மை என்றால் மீசை இல்லாமலா? பெரிதாக ஒரு மீசையும் போட்டேன். தாள் பாதியில் தீர்ந்துபோனதால் ஒரு கால் சூம்பிப் போய் வளைந்து தொங்கியது.

"இது யாரு சட்டைடி?" என்றாள் பூவம்மாள்.

"அவளுதுதான். அவ மேல படற கண்ணெல்லாம் இனிமே இதும்மேல படட்டும்."

"இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்குது" என்று அவளே கயிறு கொண்டுவந்தாள். கழுத்தில் சுருக்குப் போட்டு, ரோட்டைப் பார்க்கச் சாரக் கம்பில் தொங்கவிட்டோம். காற்றில் ஆடியது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் வேன் வந்தது. நான் எல்லாருக்கும் டீ போட்டு வைத்திருந்தேன். அவர்களுக்கு நானாகப் போட்ட முதல் டீ அது. இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அருணா முகம் வெளுத்துப்போய் செல்போனில் படம் எடுத்தாள். தாடிக்காரர் கையை விரித்து எல்லாரையும் திரும்ப வேனுக்குள் தள்ளினார். நான் டீப் பாத்திரத்தோடு ரோடு வரை ஓடினேன். வேன் நிற்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சரி, வேஷம் கலைந்துவிட்டது என்று நினைத்தேன். கூரை போடாமல் விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு சாக்குத் தேடியிருக்கிறார்கள். என் சுவரைப் பார்த்து எதற்கு அழ வேண்டும்? நடிப்பு! அன்று சாயங்காலமே சென்னகிருஷ்ணன் வந்து நின்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல? இவங்கள நம்பாதன்னு. மனையக் குடுத்துட்டு ஓசூர்ல ஒரு வாடகை வீட்டப் பாத்துக்கினு போயிரும்மா."

"நீங்கதான அண்ணா அவங்கள அனுப்பிட்டீங்க?"

"நானா?" அவர் அருணாவின் வேன் போன திசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மாதப்பன் அன்று சாப்பிடவில்லை. "குடுத்துரலாம் மேகலா. கூரை இல்லாத செவுத்த வெச்சிக்கினு என்ன பண்றது? ராகி கதிரு முத்திருச்சு. திரும்ப யானைக்கு முன்னால புள்ளயப் படுக்க வெக்கச் சொல்றியா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. கலவை மெஷின் இன்னும் மனையில்தான் நின்றது. "அத எடுத்துக்கினு போக லாரி வந்துச்சுன்னா வித்துரலாம். அது வரைக்கும் பேசாத" என்றேன். அதிலிருந்து ரோட்டில் எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

லாரி வந்தே விட்டது. மெஷினை ஏற்ற இரண்டு ஆட்கள், கூட அருணா. அவள் இறங்கியும் என் பக்கம் திரும்பவில்லை. நான் போய் அவள் முன்னால் நின்றேன்.

"என்னாம்மா, வந்த வேல முடிஞ்சிருச்சா? சென்னகிருஷ்ணன் எவ்ளோ குடுத்தாரு?"

"யாருக்கா அது?" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "நாங்க உங்களுக்கு என்னக்கா கெடுதல் பண்ணோம்? பிடிக்கலேன்னா போங்கன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? விழுந்து கால் ஒடிஞ்ச பொண்ண மாதிரி பொம்மை செஞ்சு தூக்குல போடுவீங்களா?"

அவள் காட்டிய செல்போனை வாங்கிப் பார்த்தேன். என் பொம்மை. மஞ்சள் பனியன், மஞ்சள் முடி, கழுத்தில் சுருக்கு, ஒடிந்த கால். முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே உடம்பெல்லாம் கூசியது.

"அய்யோ, இது திருஷ்டி பொம்ம தாயி! உங்க ஊர்ல கட்ட மாட்டாங்களா?"

"பூசணிக்காய் கட்டுவாங்க. ராட்சசன் மூஞ்சி வெப்பாங்க. தெரியும். ஆனா இது கிளாராவாவே இருக்கு. அந்தக் கால்..."

"அடைக்கற ராகித் தாளு தீந்துபோச்சும்மா! கண்ணு அவ மேல படக் கூடாதுன்னுதான் அவ சட்டையப் போட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன். அது என்னுடைய பார்வை. நம்பலாமா என்று என் இன்னொரு கையைத் தேடுகிற பார்வை. இத்தனை நாளும் நான் அவளைப் பார்த்தது அப்படித்தான் என்று அப்போது எனக்குச் சுருக்கென்றது.

"நான் நம்பினாலும் அவங்க நம்ப மாட்டாங்கக்கா. பாதிப் பேர் பயந்து ஊருக்கே போயிட்டாங்க" என்றாள்.

நான் சாரத்தில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். பொம்மையைத் தூக்கிக்கொண்டு லாரியில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் கேட்டதற்கு, "இது என் கூட வந்திருக்குது, நீ வண்டிய எடு" என்றேன்.

போகிற வழியெல்லாம் கை நீட்டினேன். தளி தாண்டி ஒரு மாடி வீட்டில் போலீஸ் கால்சட்டை போட்ட பொம்மை தொங்கியது. "அதப் படம் புடி." ஒரு கடைக் கட்டடத்தில் ஏதோ கம்பெனி யூனிபார்ம் போட்டு ஒன்று. "அதையும் புடி. என்னா, அந்தக் கம்பெனிக்காரனத் தூக்குல போட்டுட்டாங்களா?" ஓசூர் நெருங்க நெருங்கக் கட்டடங்கள் கூடின, பொம்மைகளும் கூடின. ஜீன்ஸ் போட்டது, கூலிங்கிளாஸ் வைத்தது, தலை இல்லாமல் சட்டை மட்டும் தொங்கியது. அருணா முதலில் எனக்காக எடுத்தாள். பிறகு அவளே ஜன்னலில் எட்டி எட்டிப் பார்த்து எடுத்தாள். "நான் தினம் போற ரோடுக்கா இது. ஒரு நாள்கூட நிமிந்து பாத்ததில்ல" என்றாள்.

சபை விடுதியில் கிளாரா கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். என் கையில் பொம்மையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள். தாடிக்காரர் நடுவில் வந்து நின்றார். அருணா ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் பேசினாள், படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். கிளாரா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"மத்த பொம்மை எல்லாம் யார் மாதிரியும் இல்லையே, இது மட்டும் ஏன் என்ன மாதிரி இருக்குன்னு கேக்கறா" என்றாள் அருணா.

"ஊர்க் கண்ணெல்லாம் அவ மேலதான இருந்துச்சு? விழுந்தது எங்க வீட்டுச் செவுத்துல. அவ என் கையப் புடிச்சா. இன்னொரு வாட்டி அவளுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா என்னால தாங்க முடியாது. அதான்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

கிளாரா பொம்மையைக் கேட்டு வாங்கினாள். முடியைத் தொட்டாள். மீசையைத் தொட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும், எனக்கும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"செவுத்துல கைய வெச்சிக்கினு தினம் என்னமோ சொல்லுவீங்களே, அது என்னான்னு கேளு."

அருணா கேட்டாள். கிளாரா தாடிக்காரரைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அவள் மெதுவாகச் சொன்னதை அருணா தமிழில் சொன்னாள்.

"இவங்க யாரும் இதுக்கு முன்னாடி ஒரு சுவர்கூட கட்டினதில்லையாம்க்கா. அதனால தினமும் பயமாம். ஆண்டவரே, இந்தச் சுவர் ரேவதி மேல விழாம பாத்துக்கோங்கன்னு கேப்பாங்களாம்."

நான் தெளித்த மஞ்சள் தண்ணீரைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை.

லாரி மெஷினோடு திரும்பி வந்தது. கூரை போடுகிற அன்று ஊருக்குப் போனவர்கள் போக மிச்சம் இருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். ஆள் போதாது. வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தைப் பார்த்து, "கண்ணு மட்டுந்தான் இருக்குதா, கையி இல்லையா?" என்று கத்தினேன். பூவம்மாள் முதலில் வந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்று சிமெண்ட் சட்டியைக் கைமாற்றினார்கள். சென்னகிருஷ்ணன் அன்றும் தண்ணீர் விட்டார். எதற்கு விட்டார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வேலை தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் வழக்கம்போல் சுவரில் கை வைத்தார்கள். சாரக் கம்பில் பொம்மை மறுபடியும் தொங்கியது. தாடிக்காரர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். கிளாராவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து சுவர் ஓரமாக வைத்திருந்தார்கள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்று சுவரில் கையை வைத்தேன். செங்கல் ஈரமாக, சில்லென்று இருந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன். என்னதான் இருந்தாலும் என் வீடு, என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பக்கத்தில் திரும்பினேன். கிளாராவும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.